திருத்தம்

பார்லோ க்ராஸிங்கில் ஆயிரத்து நூறு பேர்.
வியாழன்தோறும் எட்டுப் பக்கம்.
முதல் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டித் தகராறு:
வெள்ளை பெயிண்டா, வெளிர்நீலமா,
நான்காவது வாரமாக.
மூன்றில் போலீஸ் குறிப்புகள்:
செவ்வாய் இரவு 2.10. மேப்பிள் தெருவில்
ஒரு சமையலறை விளக்கு அணையவே இல்லை என்று போன்.
அதிகாரி போய்ப் பார்த்தார்.
தூக்கம் வரவில்லையாம். வழக்கு இல்லை.

அது லீலண்ட் வீட்டு விளக்கு.
காலையில் என் கவுண்டருக்கு வந்தார்,
பூட்ஸ் பனி தரையில் உருகிக் குளம்கட்ட.
இரங்கல் குறிப்பு வரிக்கு இரண்டு டாலர் என்றேன்.
'அன்பே உருவான' என்பதை அவரே அடித்தார்.
"எல்லாருக்கும் இதைத்தானே போடுகிறீர்கள்."
'கர்த்தருக்குள் நித்திரை'யும் போயிற்று.
மிஞ்சியது:

'வெர்னா ஸ்டாக்டேல். நான்காம் எண் பள்ளிப் பேருந்தை
இருபத்தாறு வருடம் ஓட்டினாள். ஒரே ஒரு நாள்தான்
தாமதம். வாத்துகள் சாலையைக் கடந்தன.'

ஆறு டாலர். சில்லறையாக எண்ணி வைத்தார்.

வெள்ளி முழுக்கத் தொலைபேசி அலறியது.
டயர் கடை டுவைன், அவன் தங்கை,
இப்போது லிங்கனில் பல் பிடுங்கும் ஒருத்தி.
எல்லாருக்கும் ஒரே புகார்.

அடுத்த வியாழன், இரண்டாம் பக்க மூலையில்:
'திருமதி ஸ்டாக்டேல் தாமதமானது இரண்டு நாள்.
ஒரு சிறுவனின் ஒற்றைக் கையுறையைத் தேடி
வந்த வழியே பேருந்தைத் திருப்பியிருக்கிறார்.
தவறுக்கு வருந்துகிறோம்.'

லீலண்ட் நின்றபடியே படித்தார்.
கண்ணாடியைத் துடைத்து இன்னொரு தரம்.
"என்னிடம் சொல்லவே இல்லை, பாருங்கள்."
ஐந்து பிரதி கேட்டார்.
நான்குதான் இருந்தன, ஒன்றில் காபிக் கறை.
பரவாயில்லை என்றார்.