வில்லங்கம்

கெரேதேக்குக் கிழக்கே ஒரு கல்சுவர்.
அதற்கு மேற்கே துர்சுனின் வால்நட் தோப்பு,
கிழக்கே ஸானியேயின் பார்லி.
வடக்குத் தெற்காய் நூல் பிடித்துக் கட்டியது,
நாற்பத்திரண்டு வருடத்துக்கு முன்.
இன்று நான் பிடித்த நூல்
பாதி தூரம் சுவரோடு போகிறது,
அப்புறம் வெறுங்காற்றில்.
தென்பாதி மேற்கே விலகியிருக்கிறது,
ஒரு சாண் நாலு விரல்.

"ராத்திரியில் கல்லை நகர்த்துகிறாள்" என்றார் துர்சுன்.
"இந்த முழங்காலை வைத்துக்கொண்டா?" என்று
சர்க்கரைக்கட்டி போட்டு டீ தந்தாள் ஸானியே,
எனக்கு மட்டும்.
பதினோரு வருட வழக்கு.

குனிந்து பார்த்தேன்.
பாசி படிந்த கற்கள், ஒன்றையும் யாரும் பெயர்க்கவில்லை.
வடக்கிருந்து வரும் ஓடையும்
அதே கோட்டில் இடறி,
மேற்கே கொஞ்சம் நடந்து, பிறகுதான் தெற்கே இறங்குகிறது.
ஓடைமேல் யாரும் வழக்குப் போடவில்லை.

அறிக்கையில் எழுதினேன்:
தெற்கிலிருந்து அரேபியா நெட்டித் தள்ளுகிறது,
வடக்கே யூரேசியா இடம் விடுவதாயில்லை,
இடையில் அகப்பட்ட அனத்தோலியா
விரலிடுக்கில் பிதுங்கும் தர்பூசணி விதையாய்
மேற்கே நழுவுகிறது.
பட்டாவில் இது இல்லை.
வில்லங்கச் சான்றிலும் இல்லை.

கோர்ட் எழுத்தர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டார்:
"பிரதிவாதி அரேபியா என்றால்
சம்மன் எந்த முகவரிக்கு?"
எல்லோரும் சிரித்தோம்.
துர்சுன் சிரிக்கவில்லை.
"கொஞ்சம் அவளும் தள்ளியிருப்பாள்" என்றார்.

"மெல்ல மெல்ல நகர்ந்தால் நல்லதுதானே?"
வாசலில் ஸானியே கேட்டாள்.
ஆமாம், தவணை கட்டுகிற மாதிரி என்றேன்.
மேற்கே தூஸ்ஜேயில் கட்டாமலே வைத்திருந்தது பூமி.
ஒரு நவம்பர் மாலை, ஏழு அடிக்க மூன்று நிமிடம் இருக்கையில்
வட்டியும் முதலுமாய்த் தீர்த்தது.
என் அக்கா முவல்லா
அடுப்பில் பருப்பு சூப் வைத்திருந்தாள்.
அதை இவளிடம் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லவில்லை.
தட்டு நகர்வது வருடத்துக்கு
இருபது மில்லிமீட்டருக்கும் மேல்.
இந்தச் சுவர் காட்டுவது ஏழு.

மீதியைக் காட்டும் கருவி என்னிடம் இல்லை.

சுவர் முறிந்த இடத்தில் புது எல்லைக்கல் நட்டேன்.
புல எண்ணுக்குக் கீழே
தேதியும் பொறித்தேன்,
பால் பாக்கெட்டில் போடுவார்களே, அப்படி.