இருபத்தைந்தில் ஒன்று

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில்
எனாமல் தூக்குச்சட்டிகளுக்கும்
ரசம் போன நிலைக்கண்ணாடிக்கும் நடுவே
மூடியில்லாத ஓர் அட்டைப்பெட்டி,
பாவாடை நாடாவால் கட்டியிருந்தது.
"உடைஞ்ச பொம்மைங்க, நானூறு குடுங்க" என்றார் கபீர்.

உடையவில்லை.
யாரோ ஒட்டத் தொடங்கிப்
பாதியில் எழுந்து போயிருக்கிறார்.
பச்சைப் பெயிண்டில் தூரிகை மயிர் இரண்டு.
முன்கண்ணாடியில்
பசையோடு பதிந்த கட்டைவிரல்.

எனக்கு வேலை பல் கட்டுவது.
டாக்டர் உமையாள் அனுப்பும் அச்சுகளுக்கு
மேல்தாடை, கீழ்த்தாடை,
சில நாள் ஒற்றைக் கடைவாய்.
தேவகோட்டையில் பாதிப் பேர்
என் பல்லால்தான் முறுக்கு கடிக்கிறார்கள்.

வண்டியை பிரேக் ஆயிலில் இரண்டு ராத்திரி ஊறப்போட்டேன்.
பச்சை, தோலாக உரிந்து வந்தது.
பழைய ஒட்டு விடுவதற்கு
ஃப்ரீசரில் மீனுக்குப் பக்கத்தில் ஒரு நாள்.
பல்லுக்கு மெருகு போடும் பொடியால்
அந்த விரல் ரேகையைத் தேய்த்து அழித்தேன்.
தயங்கவில்லை.
மழையில் ஓட்டுகிறவருக்குத் தெரு தெரிய வேண்டாமா?
"யாரு ஓட்டப்போறா?" என்றார் லூர்து,
சோற்றைப் பிசைந்தபடி.

சக்கரம் மூன்றுதான் இருந்தது.
ஒன்றை அச்சு எடுத்து
நான்காவதை வார்த்தேன்.
கையில் இருந்த அக்ரிலிக் அதுதான், என்ன செய்ய,
ஈறு நிறத்தில் பிறந்தது சக்கரம்.
ஒரு வாரம் அப்படியே மேஜையில் சிரித்தது.

ஸ்டியரிங் அமெரிக்க வழக்கப்படி இடப்பக்கம்.
நம் ரோட்டுக்கு ஆகாது.
டாஷ்போர்டை மூன்றாக அறுத்து
வலம் இடம் மாற்றி ஒட்டினேன்.
தொலைபேசி வயரைப் பிரித்து
மயிரிழைச் செம்பில் எட்டுக் கம்பி,
எட்டு பிளக்குக்கும்.
சாக்லேட் தாளைப் பல்குச்சியால் அழுத்தி பம்பர்.
பின்விளக்குக்கு என் நகப்பூச்சு.

கூரை மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.
இங்கே ஒரு மில்லிமீட்டர் தப்பென்றால்
நிஜத்தில் ஏறக்குறைய ஓர் அங்குலம்.

கானாடுகாத்தானில் பூட்டிய வீடொன்றின் கொட்டகையில்
அதே வண்டி நிற்பதாகக் கேள்விப்பட்டு
பல் அளக்கும் வெர்னியரோடு போனேன்.
காவலுக்கு இருந்த சேவுகன் தார்ப்பாயை உருவினார்.
புறா எச்சம், செங்கல் மேல் நாலு அச்சு.
என் கணக்கு சரி: பெட்டிக்காரன்
கூரையை உயர்த்தித்தான் வார்த்திருக்கிறான்.
பானெட்டைத் திறந்தேன்.
உள்ளே ஒன்றுமில்லை.
"எஞ்சினா? அது போயி
நெல்லு அரைச்சுதுங்க, கொஞ்ச காலம்."

வீட்டுக்கு வந்து
நான்கு தூணையும் உப்புத்தாளில் தேய்த்துக்
கூரையை இறக்கினேன்.
எட்டுக் கம்பியைப் பிடுங்கவா என்று
ஒரு ராத்திரி முழுக்க யோசனை.
பிடுங்கவில்லை.

முடிந்ததும் கொண்டுபோய்
செங்கல் வண்டியின் மூக்கின் மேல் வைத்தேன்.
சேவுகன் குனிந்தார்.
பம்பரைப் பார்க்கவில்லை, பானெட்டைத் தூக்கிக் காட்டியும்
கம்பிகளைப் பார்க்கவில்லை.
ஈறு நிறத்தை மறைத்த சக்கரம்
அவருக்கு மற்ற மூன்றைப் போலத்தான்.
இடப்பக்கம், கதவோரம்,
நான் உளுந்தளவில் செதுக்கி வைத்திருந்த
சின்னக் கண்ணாடியிடம் போய் நின்றது பார்வை.

பெரிய வண்டியில் அந்த இடத்தில்
இரண்டு திருகாணித் துளைதான் இருக்கிறது.

"அது என் கையால ஒடிஞ்சதும்மா.
வண்டியத் தள்ளி உள்ள விடறப்ப, தூண்ல.
மலேசியாக்காரங்களுக்கு இன்னிவரைக்கும் தெரியாது."
தார்ப்பாயின் கயிற்றை
அவிழ்த்தார், முடிந்தார், மறுபடி அவிழ்த்தார்.
"இதை அவங்க பாப்பாங்களா?"

"தேவகோட்டையைத் தாண்டாதுங்க இது."

சுண்டுவிரல் நகத்தால்
அந்த உளுந்தை லேசாகத் தொட்டார்.
அசையவில்லை.
"கெட்டியாத்தான் ஒட்டியிருக்கீங்க" என்றார்.