நூற்று முப்பத்தைந்து

முட்டம் பாறையில் காலூன்றி நிற்கிறேன்.
இந்த ரேஞ்ச்ஃபைண்டருக்கு
நூற்று முப்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ்
கொஞ்சம் அதிகம்தான்.
இதன் சாளரம் எதையும் கிட்டே இழுக்காது.
கடல் முழுக்க அப்படியே கிடக்க
நடுவில் தபால்தலை அளவுக்கு ஒரு வெள்ளைக் கட்டம்,
உன் பங்கு இவ்வளவுதான் என்பதுபோல.

கட்டத்துக்குள் லிகோரியின் வள்ளம்.
இரண்டு லிகோரிகள்.
துடுப்பூன்றி நிற்கிறார் ஒருவர்,
அரை விரல் தள்ளி வெளிறிப்போய் இன்னொருவர்.
வளையத்தைத் திருகத் திருக
ஒருவருக்குள் ஒருவர் நுழைகிறார்கள்.

கட்டத்துக்கு வெளியே
அவர் முதுகுக்குப் பின்னால் எழும்புகிறது அலை.
கத்தினாலும் கேட்காது.
அது வெள்ளைக் கோட்டைத் தொட்டதும்
அழுத்தினேன்.

வள்ளம் கரையேறிவிட்டது.
நனைந்த பீடிக்கட்டைத் திட்டிக்கொண்டே வந்து
"எனக்க மொகம் விழுந்தா மக்கா?" என்றார்.

திரையில் பெரிதாக்கினேன்.
மயிரிழைப் பிசகு எங்கேயோ;
லிகோரி கலங்கித் தெரிந்தார்.
ஒரு முழம் பின்னால்
நுரையின் நூல்நூலாக,
மணல் கலந்த அடிவயிறு வரை துல்லியமாக
அந்த அலை.

சொல்ல வாயெடுத்தேன்.
அவர் கேமராவை வாங்கி
வெயிலுக்குக் கை மறைத்து
வெகுநேரம் பார்த்தார்.

"முதுகுக்குத் தெரியும் மக்கா.
நான் இப்பத்தான் பாக்கேன்."