படிவம் ஐம்பது

வரைபடத்தில் சேலம் ஒரு கறுப்புப் புள்ளி.
அமைவிடம் என்ற தலைப்பின் கீழ்
மலைகள் நடுவே வைத்த சட்டி என்று
நானே ஒரு வரி சேர்த்துக்கொண்டேன்.
ஏப்ரல் மாதம்.
சட்டி காய்ந்துகொண்டிருந்தது.

எனக்கும் ஹசீனாவுக்கும் ஐம்பது படிவங்கள்.
கேள்வி ஒன்று: எங்கிருந்து வருகிறீர்கள்?
கேள்வி இரண்டு: எதற்கு?

புது பஸ் நிலையத்தில்
ஏற்காடு வண்டிக்குக் காத்திருந்தார் நாகலூர்க்காரர்,
மடியில் மஞ்சள் பை, பைக்குள் எக்ஸ்ரே.
"எலும்புன்னா சேலம்.
பல்லுன்னா ஏற்காடு போதுங்க.
காய்ச்சலுக்கு எங்கூர்க் கடையிலயே மாத்திரை."
வலி பெரிதானால் ஊரும் பெரிதாக வேண்டும்.
இதையே அறுகோணங்கள் போட்டுப்
பதினோரு பக்கம் விளக்குகிறது பாடப்புத்தகம்.

ஐந்து ரோட்டில்
தட்டுவடை செட் போடும் தனபாக்கியம்
வண்டிச் சக்கரத்துக்குக் கல் வைத்திருந்தாள்.
நாலடி தள்ளி நிறுத்தினால் என்னக்கா?
"பாதி யாவாரம்."
நிலமதிப்புச் சரிவு என்று எழுதினேன்.
எட்டிப் பார்த்தாள்: "வரி போடவா?"
இல்லையென்று நிரூபிக்க
ஹசீனா நாலு செட் வாங்க வேண்டியிருந்தது.
பீட்ரூட் சிவப்பில் மூன்று படிவங்கள் வீண்.

செவ்வாய்ப்பேட்டையில் லாரிகள்
பின்பக்கமாகவே நுழைகின்றன.
வாரம் ஒருமுறை கூடிய சந்தையாம்.
கலைந்துபோக மறந்த ஒரு கிழமை
தெருத்தெருவாய்ப் படுத்துவிட்டது.

திருமணிமுத்தாற்றுப் பாலத்தில் கொஞ்சம் நின்றோம்.
எங்கிருந்து? சேர்வராயன் மலை.
எதற்கு? என்ற கட்டத்தில்
ஹசீனா ஒரு சொல் எழுதினாள்,
அடித்தாள்,
மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தாள்.

மாலையில்
மூன்று சிவப்புத் தாள்களை மறுபடி எழுதி
எண்ணிப் பார்த்தால் நாற்பத்தொன்பது.
ஒரு ஆள் குறைகிறது.

என்னையே கேட்டுக்கொண்டேன்.
வசிப்பிடம்: மாநகராட்சியா, ஊராட்சியா?
பேனா நின்றது.

எங்கள் தெருவில் குப்பை வண்டி
பாட்டுப் போட்டுக்கொண்டே வரும்.
ஏழாவது வீட்டு முருங்கைமரத்தோடு திரும்பிவிடும்.
எங்களுடையது எட்டாவது வீடு.
கோடு எதுவும் கிடையாது,
தார் மட்டும் அங்கே கொஞ்சம் கறுப்பு.

காலை ஆறே முக்காலுக்கு
பாட்டுக் கேட்டதும் நைட்டி மேல் துண்டைப் போட்டு
நீல வாளியோடு ஓடுவாள் அம்மா.
முப்பது தப்படி.
முருங்கையைத் தாண்டினால் சேலம் மாநகரம்.

கேள்வி ஒன்றுக்கு அவள் ஊரை எழுதினேன்.
கேள்வி இரண்டு, எதற்கு?
குப்பை கொட்ட.
எத்தனை முறை?
தினமும். ஞாயிறு தவிர,
ஞாயிற்றுக்கிழமை நகரம் வருவதில்லை.