முதற் சொல்

ஐப்பசி மழை அலுவலகத் தகரத்தில்.
நாலு மணிக்குள் ஒரு துண்டுப்பிரசுரம்
தமிழில் வேண்டுமாம்,
இருபத்துநாலாம் திகதி பள்ளிக்கூடங்களில் கொடுக்க.
நாற்பத்தைந்தில் சான்பிரான்சிஸ்கோவில்
ஒப்பமிட்ட சாசனத்தின் முன்னுரை.
முதற் சொல்லிலேயே நிற்கிறேன்.

ஆங்கிலத்தில் அது சின்னஞ்சிறு சொல்,
மூச்சு விடுகிற நேரத்தில் முடிந்துவிடும்.
தமிழில் அதற்கு இரண்டு கதவு.
நாங்கள் என்றால் கேட்பவன் வெளியே.
நாம் என்றால் அவனும் உள்ளே.
அன்று ஐம்பது நாடுகள்
எந்தக் கதவை எண்ணி எழுதினவோ.

இலங்கை அங்கே இல்லை.
மறுகா விண்ணப்பம் கொடுத்து
ஏழு வருஷம் படலையில் நின்றது.
உள்ளே விட்ட அடுத்த வருஷமே
தன் வீட்டுக்குள் ஒரு மொழிக்குக் கதவைச் சாத்தியது.
இதைப் பிரசுரத்தில் போட ஏலாது.

மூன்று கிழமைக்கு முன் வாழைச்சேனையில் கூட்டம்.
சந்தை எரிந்து பதினோராம் நாள்.
யன்னலுக்கு வெளியே கடதாசி ஆலையின் புகைபோக்கி,
உள்ளே இரு பக்கமும் வாங்குகள்.
நடுவில் துவக்கில்லை, நீலத் தொப்பியுமில்லை.
கொப்பியோடு ஒரு பின்லாந்துக்காரி,
பக்கத்தில் நான்.

வன்னியசிங்கம் தமிழில் சொன்னார்.
ஆதம்பாவா அதைக் காதாரக் கேட்டார்,
கேட்டும் கேளாதவர்போல என் முகத்தைப் பார்த்தார்.
நான் ஆங்கிலமாக்கினேன். அவள் எழுதினாள்.
அதற்குப் பிறகுதான் அவர் வாய் திறந்தார்.
அதுவும் தமிழ்தான்,
அதுவும் என் வழியாய்ச் சுற்றித்தான் போனது.
நாலு முழ இடைவெளியில்
ஒவ்வொரு வசவும் பின்லாந்துக்குப் போய்
மழையில் நனைந்து திரும்பிற்று.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது.
பிறகு பார்த்தேன்:
சொல் போய்த் திரும்புகிற அந்த அரை நிமிஷத்தில்
ஒருவர் வெற்றிலைக்கு மடியைத் துழாவுகிறார்,
பின் வாங்கில் யாரோ தேத்தண்ணியை ஆற்றுகிறார்,
ஓங்கிய விரல் தன் பாரத்தில் தானே இறங்குகிறது.

இந்த அரை நிமிஷத்துக்காகத்தானா
இரண்டு போரின் பிணங்களை எண்ணி முடித்தவர்கள்
கதிரை போட்டுச் சபை கூட்டினார்கள்?
அதற்குப் பல்லில்லை என்கிறார்கள். உண்மைதான்.
தொண்ணூறில் இங்கே எழுந்த ஓலத்தை
எவர் மொழிக்கும் எவரும் பெயர்க்கவில்லை,
இந்தக் கரையின் ஓலத்தையும், அந்தக் கரையின் ஓலத்தையும்.

கூட்டம் முழுக்க ஒரு சொல்தான்
என் வாயில் உடைந்துகொண்டே இருந்தது.
“நாங்க தொடங்கயில்ல.”
“நாங்க என்ன செய்த நாங்க?”
இரண்டு நாங்களும் ஆங்கிலத்தில் ஒன்றாகவே விழுந்தன.
அவள் கொப்பியை நாளைக்கு யாராவது விரித்தால்
ஒரே கூட்டம் தன்னோடு தானே
சண்டை பிடித்ததுபோல இருக்கும்.

மழை இறுகியது.
வட்டவிதானை சொட்டச் சொட்ட வாசலில் வந்து நின்று
மேல்வட்டைக் கட்டு அரிக்குது என்றார்.
அதற்குக் கீழே எல்லார் வயலும்.
ஆதம்பாவா எழும்பினார்.
“நாம இப்ப போனாத்தான்.”
யாரைப் பார்த்துச் சொன்னார், தெரியாது.
அவருக்கே தெரியுமோ, அதுவும் தெரியாது.
வன்னியசிங்கம் குனிந்து செருப்பைத் தேடினார்.

என்ன சொன்னார் என்று அவள் என்னைக் கேட்டாள்.
சொன்னேன். அதே சிறு சொல்.
அன்றைக்கு அதை நூறு தரம் எழுதிவிட்டதால்
அவள் பேனா எடுக்கவில்லை.

கட்டு நின்றது. சந்தை இன்னும் திறக்கவில்லை.
கரிந்த மரக்கறிக் கடையில் ஆடுகள் ஒதுங்குகின்றன.

மூன்றரை மணி.
நாங்கள் என்று எழுதி வெட்டுகிறேன்.
நாம் என்று எழுதுகிறேன்.
இது மொழிபெயர்ப்பா, ஆசையா?
மேலதிகாரி கேட்டால் சொல்ல என்னிடம் பதிலில்லை.
அடுத்த சொல் மக்கள்.
அதில் எனக்குத் தொல்லை ஏதுமில்லை.