இரண்டு மணி நாற்பது

மூன்றாவது ஒலிநெம்பு
தானாகக் கீழே நழுவும்.
இடதுகை விரலால் அதைத் தாங்கியபடிதான்
உலகத்தை அறிமுகப்படுத்துகிறேன்.

"அடுத்து, மாலி நாட்டிலிருந்து ஒரு பெண்.
போன வாரம் வெளியான பாட்டு.
பெயரைத் தப்பாகச் சொன்னால்
அவரே மன்னிக்கட்டும்."
மன்னித்தாரோ என்னவோ,
பாடத் தொடங்கிவிட்டார்.

கோப்பி ஆறிப்போயிருந்தது.
தொலைபேசியில் சிவப்பு விளக்கு:
பாசிர் பாஞ்சாங் துறைமுகம், அருமைநாதன்,
பாரந்தூக்கி ஓட்டுநர்.
கீழே கப்பல் இன்னும் வரவில்லையாம்.

"அந்தம்மா என்னதான் பாடுது?"

மொழிபெயர்ப்பு கையில் இருக்கிறது,
வாசிக்கட்டுமா என்றேன்.

"வேணாம்மா.
தெரிஞ்ச பாட்டெல்லாம்
யாரையாச்சும் கூட்டிக்கிட்டு வந்துருது.
இதுல யாருமே இல்ல.
இன்னொரு வாட்டி போடுறீங்களா?"

ஒரே பாட்டை இரண்டு முறை போடக்கூடாது.
நிலைய விதி.
காலையில் மேலாளர் கேட்பார்,
ஏதாவது சொல்லிக்கொள்ளலாம்.

வாசிக்காத தாளை எட்டாக மடித்து
நெம்புக்குக் கீழே செருகினேன்.
நின்றது.

ஓய்ந்த இடதுகையையும் காதுக்குக் கொடுத்து
முதல்முறையாக
கடைசிவரை கேட்டேன்.