திரு தியாடா

பகாவ் பேருந்து நிலையத்துக்கு எதிரே
டயர் கடை மாடியில் என் அலுவலகம்.
கீழே காற்றடிக்கும் ஒவ்வொரு முறையும்
மேசையில் காப்பிக் குவளை நடுங்கும்.
மூன்று தோட்டங்களின் சம்பளச் செய்தி
இங்கிருந்துதான் வங்கிக்குப் போகிறது,
ஏழாம் தேதி, மாலை ஐந்துக்குள்.

வங்கியின் ஸ்கீமாவில் இப்படி இருந்தது:
குடும்பப்பெயர் கட்டாயம், குறைந்தது ஒன்று.
எழுத்துகள் மட்டும். சாய்கோடு கூடாது.
குணாளன் அனாக் லெலாக்கி சடையப்பன்
அந்தச் சாய்கோட்டில் இடறி விழுந்தார்.
அவருக்குப் பின்னால் இருநூற்றுப் பதினொரு பேர்
சம்பளம் இல்லாமல் நின்றார்கள்.
ஒரு பிழை போதும், செய்தி முழுதும் திரும்பும்;
பெரட்டில் ஓராள் குறைந்ததற்காக
லோரியே கிளம்பாத மாதிரி.

எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவர்
ஒரு வழி கண்டிருந்தார்.
குடும்பப்பெயர் இல்லாத இடத்திலெல்லாம்
'இல்லை' என்பதையே மலாயில் நிரப்பினார்:
தியாடா.
ஸ்கீமா மறுபேச்சின்றி ஏற்றது.
அதற்கு வேண்டியது எழுத்து, அர்த்தமல்ல.
அடுத்த வாரம் வங்கிக் கடிதங்கள் வந்தன.
அன்புள்ள திரு தியாடா.
அன்புள்ள திருமதி தியாடா.
குலை வெட்டும் ஜாவாக்காரர் மர்தியோனோவும்
உரம் போடும் பூவாயியும்
ஒரே நாளில் சொந்தக்காரர்கள் ஆனார்கள்.
விருந்து எப்போது என்று கேட்டது பெரட்டுக் களம்.

என் தவறு வேறு.
தோட்டத்துச் செய்தியில் 'பிளாக்' என்றால்
செம்பனை நட்ட நிலத்துண்டு.
பதினாலாம் பிளாக், ஆற்றோரம், யானை வரும் பக்கம்.
வங்கிக்கு 'பிளாக்' என்றால்
கணக்கை முடக்கு.
இரண்டையும் ஒரே உறையில் வைத்தேன்,
எது யாருடைய சொல் என்று குறிக்காமல்.
ஆற்றோரம் வேலை செய்த பதினேழு பேரின் பணம்
அப்படியே உறைந்தது.
பூவாயி மாடிப்படி ஏறி வந்தார், மூச்சு வாங்க.
"ஆத்தோரமா வேலை செஞ்சது தப்பாம்மா?"

அன்றிரவு பெயர்வெளிகளைப் பிரித்தேன்.
தோட்டத்துக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று.
பார்வைக்கு இணைய முகவரி போலிருக்கும்;
போய்த் தட்டினால் கதவு இருக்காது,
இருக்க வேண்டியதும் இல்லை.
இன்னார் சொல் என்று தெரிந்தால் போதும்.
நீண்ட பெயரை உச்சியில் ஒருமுறை அறிவித்துவிட்டு
கீழே ஓரெழுத்தால் அழைத்துக்கொள்ளலாம்.
நான் வ. இளவேனில்.
வகுப்பில் இன்னொருத்தியும் இருந்தாள், க. இளவேனில்.
"வானாவா, கானாவா?" என்பார் வருகை எடுப்பவர்.
அந்த 'வ'வுக்குள் வடமலை முழுதாக இருந்தார்,
பள்ளிக் கட்டணத்தோடும் கோபத்தோடும்.
எழுத்து எதுவானாலும் சரி,
அது கட்டியிருக்கும் பெயர்தான் கணக்கு
என்கிறது விதி.
இதை அப்பாவிடம் சொல்லும் துணிச்சல் எனக்கில்லை.

குடும்பப்பெயருக்காக வங்கிக்கு நாலு முறை பேசினேன்.
நாலாவது முறை ஹஃபிசுடின் என்பவர் எடுத்தார்.
"கட்டாயத்தை நீக்க முடியாது, வெளிநாட்டு ஸ்கீமா."
உங்கள் குடும்பப்பெயர் என்ன, என்றேன்.
"பின் ரொஸ்லான்."
அது அப்பா பெயர்.
மறுமுனையில் அச்சுப்பொறி ஓடும் சத்தம் மட்டும்
கொஞ்ச நேரம் கேட்டது.

ஏழு மாதம் கழித்து இரண்டாம் பதிப்பு வந்தது.
குடும்பப்பெயர்: குறைந்தது சுழியம்.
சாய்கோடு இன்னும் கூடாது.
குணாளன் இப்போது ஓர் இடைவெளியோடு போகிறார்,
அப்பாவுக்கும் தனக்கும் நடுவே ஏதோ உதிர்ந்தது போல.
மற்றவர்கள் பெயரிலிருந்தெல்லாம்
தியாடாவை அழித்துவிட்டேன்.
மர்தியோனோ மட்டும் வேண்டாம் என்றுவிட்டார்.
மஞ்சள் ஹெல்மெட்டின் பின்புறம்
சிவப்புப் பெயிண்டில் எழுதியும் வைத்திருக்கிறார்,
கடைசி எழுத்துக்கு இடம் போதாமல்
கொஞ்சம் நெருக்கி.